வாசிக்கேலாத வரி

லோயரிட்டைக் கிளாக்கராய் இருக்கிறவனுக்கு ஆர் பிழை விட்டதெண்டு தெரியத் தேவையில்லை. எதிராளியின்ரை பேரும் விலாசமும் தெரிஞ்சால் போதும். ஆஸ்பத்திரிக் கேஸ் வந்தால் அந்த ரெண்டுக்கும்தான் பஞ்சம். ஃபைலும் கையுமாய் ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு காஞ்ச சக கிளாக்கர்மாரே, உங்களுக்கு நான் சொல்லவேணுமே?

குத்தினது ஆர்?

தவமணி அக்கா கொடிகாமத்திலை தையல்காரி. டெங்குக் காய்ச்சலெண்டு வாட்டிலை கிடந்தவ. சேலைன் ஏத்த வலக்கையிலை குத்தின ஊசி விலகி, கை வீங்கி, இப்ப மூண்டு விரல் மடங்காது. கத்திரிக்கோல் பிடிக்கேலாது. "என்ரை கைக்கு ஆர் பொறுப்பெண்டு எனக்குத் தெரியவேணும்" எண்டு எங்கடை லோயரிட்டை வந்தா.

எங்கடை பக்கத்திலை தாதிமாரை மிஸி எண்டுதான் கூப்பிடுறது. குத்தினது மிஸியோ டொக்டரோ எண்டு பேனையும் கையுமாய்க் கேட்டன். "குத்தினது ஆம்பிளைப் பெடியன், தம்பி. ஆம்பிளையை மிஸி எண்டு கூப்பிடேலுமோ? டொக்டர் எண்டுதான் கூப்பிட்டனான்."

எது முதல்?

பேர் கண்டுபிடிக்க ரிக்கெற் வேணும். கட்டிலின்ரை தலைமாட்டிலை தொங்குமே, டொக்டர்மாரும் மிஸிமாரும் எழுதுறது, அதுதான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையிலை இருந்த ஐயா, வழக்கு இலக்கம் கொண்டந்தால் பிரதி தாறன் எண்டார். எங்கடை லோயரோ, பிரதியைப் பாத்தால்தான் வழக்கு இருக்கோ இல்லையோ எண்டு சொல்லலாம் எண்டார். மூண்டாந்தரம் போகேக்கை பொறுமை போய், ரெண்டிலை எது முதல் எண்டு ஐயாவிட்டைக் கத்திப்போட்டன். அந்த மனுசனும் பாவம். "தம்பி, நான் இஞ்சை வந்து ரெண்டு மாசம். எனக்கும் ஆரும் சொல்லேல்லை."

மாம்பழம்

கடைசியிலை, லோயரின்ரை கடிதத்துக்குப் பிரதி கிடைச்சுது. குத்தின பெடியனின்ரை பேர் அதிலை எங்கையும் இல்லை. கை வீங்கின அண்டைக்கு இங்கிலீசிலை எழுதின ஒரு வரி மட்டும் ஒருத்தருக்கும் வாசிக்கேலாமல் கிடந்தது. லோயர் பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தார். மருந்துக்கடைக்காரர், இது மருந்தின்ரை பேரில்லை எண்டு கையை விரிச்சார்.

அண்டைக்கு வாட்டுப் பாத்த பெரிய டொக்டர்தான் எழுதியிருப்பார், அவரிட்டையே கேப்பம் எண்டு அக்கா வெளிக்கிட்டா. பின்னேரத்திலை தனியார் ஆஸ்பத்திரியிலை காசு கட்டி அவரைச் சனல் பண்ணித்தான் இப்பவும் கைக்கு மருந்தெடுக்கிறாவாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை வேறை! எனக்கு விசர் வந்திட்டுது. நாங்கள் எதிராய்க் கேஸ் போடப்போற ஆளுக்கு மாம்பழமோ எண்டு கேட்டன். "கேஸ் வேறை, கை வேறை, தம்பி."

வாசிச்சவர்

நானும் கூடப் போனன். டொக்டர் கண்ணாடியைப் போட்டார், கழட்டினார், திரும்பப் போட்டார். பிறகு மெல்லமாய் வாசிச்சார்: வலக்கை வீக்கம், ஊசியை உடனை கழட்டவும். தன்ரை எழுத்துத்தான் எண்டார். ஊசி கழட்டினது அடுத்தநாள் மத்தியானம் எண்டு அதுக்குக் கீழை வேறை ஆரோ வடிவாய் எழுதியிருந்திச்சினம். அப்ப பிழை எழுதினவரிலையோ, வாசிக்காதவையிலையோ, குத்தின பெடியனிலையோ? எனக்குத் தலை இடிச்சுது. டொக்டரின்ரை முகமும் கறுத்துப்போச்சு.

அக்கா மடங்காத விரலாலை அந்தப் பேப்பரை அவரிட்டைத் தள்ளினா. இதையே எல்லாருக்கும் விளங்கிற மாதிரி எழுதி, கையெழுத்து வைச்சுத் தாங்கோ எண்டு கேட்டா. அழப்போறா எண்டு பயந்தன், அழேல்லை. டொக்டர் பேனையைத் திறந்தார், பிறகு மூடினார். "என்ரை லோயரைக் கேட்டிட்டு எழுதுறன், அம்மா."

ஆர் பிழையெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. ஆனால் அக்கா கையைக் காட்டத் திரும்ப வரவேண்டிய திகதியை மட்டும் அண்டைக்கு அவர் முத்துமுத்தாய் எழுதிக் குடுத்தவர்.