மூக்காயி உடைத்த வாசல்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை வெயில் ஏறுவதற்கு முன்பே, மூக்காயி தன் வீட்டு வாசலின் சிமெண்டுத் தரையில் கடப்பாரையை இறக்கினாள். ஆறு வருஷத்துக்கு முன் அவளே கலந்து, அவளே இழைத்துப் போட்ட தரை. மழையில் சேறு மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போட்டது. முதல் குத்திலேயே தரை கீறல் விட்டது. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தார்.

"என்ன மூக்காயி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? காசு போட்டுப் போட்ட தரைய யாராச்சும் ஒடைப்பாங்களா?"

"போட்டது நான். ஒடைக்கிறதும் நான். ஒங்களுக்கு என்னங்க நோகுது?" என்றாள் அவள், நிமிராமலே.

செம்புறைப்பட்டி குளத்தூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவே இருக்கிற சின்னப் பேரூராட்சி. மூக்காயி குடியிருக்கும் மலையடித் தெரு, மேலே ஒரு பாறையில் தொடங்கிக் கீழே ஊருணியில் முடிகிற சரிவான தெரு. இருபத்தாறு வருஷமாக அவள் கட்டட வேலைக்குப் போகிறாள். சட்டி சுமந்து ஆரம்பித்தவள், பத்து வருஷத்தில் பூச்சு வேலையும் தரை வேலையும் கற்றுக்கொண்டாள். கூலி மட்டும் சித்தாள் கூலியாகவே நின்றுவிட்டது. அந்தத் தெருவில் சிமெண்டு வாசல் போட்ட வீடுகள் பதினான்கு. அதில் பதினொன்றுக்கு அவள் கை பட்டிருந்தது.

அவள் மனசை அறுத்தது அந்தப் பதினொன்றுதான். போன ஐப்பசியில் ஒரே மத்தியானம் கொட்டிய மழை, மேலேயிருந்து கூரைக்குக் கூரை, வாசலுக்கு வாசல் சேர்ந்து, மண்ணைத் தொடாமலே வழுக்கிக்கொண்டு இறங்கி, தெருவின் கடைசி வீட்டுக்குள் புகுந்தது. அது ரஞ்சிதாவின் வீடு. புருஷனை இழந்தபின் தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிறவள். மிஷினின் மோட்டார் நனைந்து புகைந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்த பட்டு ஜாக்கெட்டுகள் சேற்றில் மிதந்தன. முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு கையில் நனைந்த துணியைத் தூக்கிப் பிடித்து, ரஞ்சிதா தெருவைப் பார்த்துக் கத்தினாள்:

"ஒங்க வாசல் நல்லாருக்கணும்னு எல்லாத்தையும் எங்க தலையில ஊத்துறீங்களே, நாங்க எங்கிட்டுப் போறது?"

அன்று மூக்காயி சாப்பிடவில்லை. "மழை பேஞ்சா தண்ணி வரத்தான் செய்யும், நீ ஏன் வெசனப்படுற?" என்று அவள் புருஷன் முனியசாமி கேட்டதற்கு, "அது வர்ற பாதையப் போட்டது நானுங்க" என்றாள்.

மாசி மாதம் பேரூராட்சி ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வாசலில் சிமெண்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் இறங்குகிற தரை போட்டு, கூரைத் தண்ணீரைக் குழி வெட்டி மண்ணுக்குள் விடுகிற வீட்டுக்காரர்களுக்கு, ஆகிற செலவில் பாதியைப் பேரூராட்சி கொடுக்கும். அதை வாசித்த அன்றே மூக்காயி மனு எழுதிக் கொடுத்தாள். தெருவில் வேறு யாரும் கொடுக்கவில்லை.

முனியசாமி முதலில் முணுமுணுத்தான். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு அவள் கூடவே நின்றான். இரண்டு பேருமாக வாசலைத் தெருவைவிட ஒன்றரை அடி தாழ்த்தினார்கள். இரண்டு மூலைகளில் எட்டடி ஆழத்துக்குக் குழி. மேல் மூன்றடி செம்புறாங்கல். கடப்பாரை பட்டால் மணி மாதிரி ஒலிக்கும். அதைத் தாண்டினால் பொலபொலவென்று சரளை. கக்கூஸ் குழிகள் எத்தனையோ வெட்டியவளுக்கு அது தெரியும். உடைத்த செங்கல்லும் ஜல்லியும் மணலும் போட்டுக் குழிகளை நிரப்பி, வாசல் முழுக்க ஓரடிக்குச் சரளை பரப்பி, கூரைத் தண்ணீருக்குக் குழாய் இறக்கினார்கள். ஒன்பது நாள் ஆனது.

பத்தாம் நாள் காண்ட்ராக்டர் திருமுருகன் பைக்கை நிறுத்தினான். மூக்காயி பெரும்பாலும் அவனிடம்தான் வேலைக்குப் போவாள்.

"நல்லா பண்ணியிருக்க. ஆனா பதிவு பெற்ற ஆளோட பில்லு இல்லாம ஒத்த பைசா வராது. நான் பண்ணுனதாப் பில்லு போட்டுத் தாரேன். வர்றதுல பாதி எனக்கு. என்ன சொல்ற?"

"நீங்க எங்கண்ணே பண்ணுனீங்க?"

"அட, ஒரு பேப்பருக்குத்தான."

"என் கை காச்சுப் போயிருக்கு பாருங்க. இதுல ஒங்க பேர எப்படிண்ணே எழுதுறது? வேணாம்."

"அப்ப நாளையிலேருந்து சைட்டுக்கும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே அவளைக் கூப்பிடவும் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பேரூராட்சியின் இளம் பொறியாளர் வசந்தகுமார் பார்வையிட வந்தார். மரியாதையான மனுஷர்தான். சரளையை ஷூ நுனியால் கிளறிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அம்மா, இந்தப் பக்கம் செம்புறை மண்ணு. தண்ணி எறங்காதுன்னு எங்க அறிக்கையில இருக்கு. பில்லும் இல்ல. நான் எப்படிம்மா சர்டிபிகேட் தர்றது?"

"அறிக்கை எழுதுனவரு எத்தன அடி தோண்டுனாரு சார்?"

அவர் சிரித்தார். மூக்காயி சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு லாரி தண்ணி கொண்டாரேன். ஒங்க கண்ணு முன்னாடி இதுல ஊத்துறேன். ஒரு சொட்டு தெருவுல எறங்குனா மனுவ நானே கிழிச்சுப் போடுறேன். எறங்கலன்னா கையெழுத்துப் போடுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தகுமார் வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐயாயிரம் லிட்டர் லாரி பின்னோக்கி வந்து நின்றது. அதற்கு ரஞ்சிதாவும் பங்கு போட்டிருந்தாள். மூக்காயி வேண்டாமென்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. ஹோஸைப் பிடித்துப் பாதித் தண்ணீரைக் கூரை மேலும் பாதியை வாசலிலும் விட்டார்கள். தண்ணீர் சரளைக்குள் சலசலத்துக்கொண்டு ஓடி மறைந்தது. கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கற்களுக்கிடையே தண்ணீர் மினுங்கத் தொடங்கியது. மெல்ல ஏறி, தெரு விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்தது. பின்னால் யாரோ, "போச்சு" என்றார்கள். முனியசாமி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"ஊத்துப்பா, நிறுத்தாத" என்றாள் மூக்காயி டிரைவரிடம்.

மூன்று விரல். அங்கேயே நின்றது. லாரி காலியாகி ஹோஸ் ஒரு தடவை தும்மி ஓய்ந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் உள்வாங்க ஆரம்பித்தது. அரை மணியில் சரளை வெறும் ஈரமாகக் கிடந்தது. தெருவில் புழுதி அப்படியே இருந்தது. கீழேயிருந்து ரஞ்சிதா கத்தினாள்: "யக்கா! இங்கிட்டு ஒரு சொட்டு வரலக்கா!"

வசந்தகுமார் அங்கேயே, லாரியின் மட்கார்டு மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "வேலைக்கு நான் சாட்சி. பில்லுக்குச் செயல் அலுவலரத்தான் பார்க்கணும்" என்றார்.

செயல் அலுவலர் விதியை எடுத்துக் காட்டினார். 'பதிவு பெற்றவர்களால் செய்யப்பட்ட பணிக்கு மட்டுமே' என்று அதில் தெளிவாக இருந்தது.

மூக்காயி மடிப்பையிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"வாசிங்க சார். இது யாரு போட்டோ?"

"ஒங்க போட்டோதான்."

"இது அரசாங்கம் குடுத்த நம்பருதான? பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளின்னு போட்டிருக்கா இல்லையா? பதிவு பெற்றவங்கதான் செய்யணும்னு நீங்க சொல்றீங்க. பதிவு பெற்றவ செஞ்சிருக்கேன்."

"அம்மா, அது காண்ட்ராக்டர மனசுல வெச்சு எழுதுனது..."

"மனசுல இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும் சார்? எழுத்துல இருக்கிறதத்தான கேக்குறேன். இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அத எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மேலிடத்துக்குக் கேட்டு அனுப்பினார். இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதமும் மூக்காயிக்கு வேலை சரியாக அமையவில்லை. திருமுருகன் மற்ற காண்ட்ராக்டர்களிடமும் சொல்லி வைத்திருந்தான். கடைசியில் மேலிடத்திலிருந்து வந்த பதில் இப்படி இருந்தது: வீட்டுக்காரரே நலவாரியப் பதிவு உள்ள தொழிலாளியாக இருந்து, பொறியாளர் சான்றும் இருந்தால், சாமான் செலவோடு சொந்த உழைப்புக்கும் தினக்கூலிக் கணக்கில் பாதி கொடுக்கலாம்.

கூலிப் படிவம் எழுதும்போது கிளார்க் அவள் பெயருக்கு நேரே 'சித்தாள்' என்று எழுதினார். மூக்காயி பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"குழி மட்டம் பார்த்தது யாரு? குழாய்க்கு வாட்டம் வெச்சது யாரு? கொத்தனாருன்னு எழுதுங்க."

"பொம்பளைக்கு எப்படிம்மா..."

"எழுதுங்க சார். சித்தாளு எம் புருஷன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனியசாமி அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "ஆமா சார், மண்ணு சொமந்தது நாந்தான்" என்றான். கிளார்க் அடித்துவிட்டு எழுதினார்.

பணம் வந்ததும் தெரு மாறியது. பாதிச் செலவு உண்மையாகவே கிடைக்கிறது என்று கண்ணால் கண்டபின் ஒவ்வொருவராக மூக்காயியைக் கூப்பிட்டார்கள். மூன்று சித்தாள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆடி, ஆவணிக்குள் ஒன்பது வாசல்களை உடைத்துப் போட்டாள். கிறுக்கு என்று சொன்ன எதிர்வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அவரிடம் கொத்தனார் கூலியைப் பேரம் பேசாமல் வாங்கினாள்.

அந்த ஐப்பசியில் மழை முந்தின வருஷத்தைப் போலவே வெறிகொண்டு பெய்தது. தண்ணீர் ரஞ்சிதா வீட்டு வாசற்படி வரை வந்தது, படியை ஏறவில்லை. ரஞ்சிதா உள்ளே மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். மூக்காயி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தக் கொஞ்சத் தண்ணீரும் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தபடி தெருவில் ஏறினாள். பாறையடியில் இருக்கிற கல்யாண மண்டபத்தின் தகரக் கூரையிலிருந்து அது அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்து மேனேஜர் கேட்டுக்குள்ளிருந்தே, "மொதலாளி ஊருல இல்லம்மா, மழை விட்டதும் வாங்க" என்றார்.

"மழை விட்டா ஒங்களுக்கு இது தெரியாது. இப்பவே குடை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க, காட்டுறேன்" என்றாள் மூக்காயி.