யார் கை காட்டினாலும்

கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டின் மேல் மரம் சாய்ந்தால் ஜெபதுரையின் கிரேன் வரும். அதற்கு முன்பே யோசனை சொல்லும் கூட்டம் வந்துவிடும். கரிசல் மண் கோடையில் பிளந்து, மழையில் ஊறி, பெரிய வேம்பைக்கூடச் சாய்த்துவிடும். கூட்டாளி சுந்தரபாண்டி மரத்தில் ஏறிச் சங்கிலி மாட்டி அறுப்பார். ஜெபதுரை தெருவில் கிரேனுக்குள் இருந்தபடி அறுத்ததை வீட்டைத் தாண்டித் தூக்குவார். பின்கட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது. மொட்டை மாடியில் நிற்கும் சுந்தரபாண்டியின் கைதான் அவருக்குக் கண்.

விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, கையை மூடினால் நிறுத்து. தூக்கவும் இறக்கவும் சுந்தரபாண்டி மட்டும்தான் சொல்லலாம். நிறுத்தச் சொல்லத் தெருவில் போகிறவருக்கும் உரிமை உண்டு. யார் காட்டினாலும் நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? "மரத்தோட எங்க மாமியாவையும் சேத்துத் தூக்கிருங்க அண்ணாச்சி" என்று யாராவது சொல்லாத நாள் கிடையாது. "பன்னெண்டு டன்னுதான்யா தாங்கும்" என்று ஜெபதுரையும் சளைக்காமல் சொல்வார்.

ஒருநாள் எப்போதும்வென்றான் கிராமத்தில் அடிமரம் அந்தரத்தில் தொங்கியபோது, அந்த வீட்டுக்காரி வள்ளித்தாய் மாடிப்படியில் நின்று முஷ்டியை உயர்த்தினாள். கிரேன் சட்டென்று நின்றது.

"என்ன தாயி, ஏன் நிப்பாட்டச் சொன்னீய?" என்று ஜெபதுரை கத்தினார்.

"ஐயோ அண்ணாச்சி, ஒங்களுக்கு இல்ல! எங்க வீட்டுக்காரருக்குல்ல காட்டுனேன். டீ வாங்கப் போன மனுசன் வெறுங்கையோட வந்து நிக்காரு!"

அவள் புருஷன் தலையைச் சொறிந்தார். "பாத்தீங்களா, பன்னெண்டு டன்னு வண்டியே நின்னுட்டு. நான் எம்மாத்திரம்?"

தெருவே சிரித்தது. சாயங்காலம் ஜெபதுரை அதை மனைவி ஸ்டெல்லாமேரிக்கு நடித்துக் காட்டினார். வேலையில் நடந்த கூத்தைச் சொன்னால்தான் அவள் சோறு போடுவாள். அன்றிலிருந்து அவர் பேச்சு நீண்டால் அவள் கையை மூடிக் காட்டுவாள். அவரும் வாயை மூடிக்கொள்வார்.

பிறகு பக்கவாதம் வந்து அவளுடைய பேச்சும் வலப்பக்கமும் போயின. இடது கைக்கு மிஞ்சியவை அந்த மூன்று சைகைகள்தான். விரல் மேலே சுழன்றால் கதை சொல், கீழே சுழன்றால் படுக்க வை, கை மூடினால் போதும். பாதி வாயால்தான் சிரிப்பாள். அந்தப் பாதிச் சிரிப்புக்காகவே அவர் ஊர் ஊராகக் கதை பொறுக்கிக்கொண்டு வந்தார்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்வந்தார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி, ஜன்னலில்லாத அறை. மறுபடியும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஜெபதுரைக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூன்றாம் முறையாக அங்கே கொண்டுபோகக் காலையிலேயே காரை வரச் சொல்லி, அவளைக் கட்டிலிலிருந்து இரு கைகளிலும் ஏந்தினார். எத்தனையோ மரம் தூக்கியவருக்கு, அவளிடம் கனமே இல்லாதது பயமாக இருந்தது.

அவள் இடது கை மூடியது. பார்க்காததுபோல் ஓர் அடி வைத்தார். அந்தக் கை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"ஏட்டி, இந்த ஒரு தடவ மட்டும் போயிட்டு வந்துருவோம்."

கை இறங்கவில்லை.

"நீ இல்லாம நான் என்ன செய்வேன்னு யோசிச்சியா?" வாசலில் கார் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புருஷனிடம் சண்டை பிடித்தவளுக்குக்கூட நிறுத்திய மனிதர், கட்டியவளுக்கு நிறுத்த இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் நின்றார்.

மூடிய கை திறந்தது. ஒரு விரல் கீழ்நோக்கிச் சுழன்றது.

வாழ்நாளில் எதையும் அவர் அவ்வளவு மெதுவாக இறக்கியதில்லை. காரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் விரல் மேலே சுழன்றது. அன்று வேலைக்குப் போகாததால் புதுக்கதை எதுவும் இல்லை. வள்ளித்தாய் கதையையே ஆரம்பித்தார். புருஷன் டீ வாங்கப் போன கட்டம் வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் விரல் மறுபடியும் மேலே சுழன்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கதையைச் சொன்னார்.