மூன்றாவது தொட்டி

திருத்தணியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை டயோடு செய்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். மின்சாரத்தை ஒரு திசையில் விட வேண்டும், எதிர்த்திசையில் தடுக்க வேண்டும். எதிர்த்திசையில் கசிந்தால் குப்பை. செய்ததில் எத்தனை தேறுகிறது என்பதை ஈல்டு என்போம். அதை உயர்த்தத்தான் என்னை வைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் அது சரியத் தொடங்கியது.

என்னால் உட்கார முடியவில்லை. உலையின் சூட்டை மாற்றினேன். ஈயப்பற்று வைப்பதை மாற்றினேன். சோதனை மேசைக்கும் உலைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முதலாளி என் பின்னாலேயே வந்தார். "இன்னாய்யா, படிச்சவன்னு உன்ன வச்சா, பக்கெட் பக்கெட்டா குப்பை வந்துகினு இருக்குது?"

ஒரு இடத்தை மட்டும் நான் தொடவில்லை. டயோடுக்குள் வைக்கும் சிலிக்கன் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவில் அரித்த பிறகு, சோடா ஒட்டியிருந்தால் மின்சாரம் கசியும் என்பதால், காய்ச்சி வடித்த நீரில் மூன்று தொட்டிகளில் அலசுவது வழக்கம். கிணறு வற்றியபோது, இரண்டு போதும் என்று நான்தான் மூன்றாவதை நிறுத்தினேன். தண்ணீரும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டியிருந்தார்.

அப்போதுதான் என் கண் சில்லுகளை அடுக்கும் பெண்களின் நெற்றியில் விழுந்தது. மலையில் கிருத்திகை என்றால் பாதிப் பேர் பட்டையாகத் திருநீறு பூசி வருவார்கள். சாம்பலில் உப்பு உண்டு. வியர்வையோடு உதிர்ந்து சில்லில் விழுந்தால் மின்சாரம் கசியும். பொய்யான வாதம் அல்ல. அதனால்தான் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு காரியம் செய்தேன். நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். பிறகு, லாரித் தண்ணீர் வந்துவிட்டது, பழையபடி மூன்றிலும் அலசு என்று கழுவும் ஆளிடம் போகிற போக்கில் சொன்னேன். இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. கல்லூரியில் முதல் பாடமே அதுதான். தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

"முருகனுக்கும் டயோடுக்கும் ஆவாதாம்க்கா!" என்று ஒருத்தி சிரிக்க, எல்லாரும் துடைத்துக்கொண்டார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் மட்டும் துடைக்கவில்லை. புருஷன் காமாலையில் படுத்திருந்தான். தறி ஓடவில்லை. இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் மலைத் திருநீறு நெற்றியை விட்டுப் போகாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

"தலையில துணி கட்டிக்கிறேன் சார். நெத்திய மூடிக்கிறேன். துடைக்கச் சொல்லாதீங்க."

"மூடினாலும் உதிரும்மா."

"இத்துனூண்டு வீபூதியாலதான்னு எப்டி சார் சொல்றீங்க?"

"சோதனையில தெரியுது" என்றேன். அப்படி ஒரு சோதனையை நான் செய்யவே இல்லை. அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி.

ஈல்டு ஏறியது. முதலாளி மனசு குளிர்ந்தார். என்னால் அப்போதும் உட்கார முடியவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு மனைவியோடு மலைக்குப் போய், அங்கிருந்து நேரே வேலைக்கு வந்தேன். காலை முழுக்கச் சில்லுகள் மேல் குனிந்து குனிந்து பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்தபோது மேஸ்திரி சிரித்தார். "சார், ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுட்டு நீங்க பட்டையோட உள்ள வந்துகிறீங்களே!"

பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். மாலை வரை சோதனை மேசையைவிட்டு நகரவில்லை. அந்தச் சரக்கு எப்போதும் போல் நன்றாகத் தேறியது. நான் செய்யாமல் தவிர்த்த சோதனை தானாகவே நடந்துவிட்டது. அவளை அப்போதே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மூன்றாவது தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் அவளைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம். பக்கத்தில் புருஷன், மெலிந்து போயிருந்தாலும் தன் காலில் ஏறிக்கொண்டிருந்தான். ஒதுங்கப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"சார், நல்லாகிறீங்களா? இப்ப பீஸெல்லாம் சரியா வருதா?"

"வருதும்மா."

"அப்ப நீங்க சொன்னது சரிதான். அது தெரியாம உங்கள ஊரெல்லாம் திட்டிகினு கெடந்தேன். மனசுல வச்சிக்காதீங்க சார். மன்னிச்சிக்கோங்க."

பின்னால் வந்த காவடிக்காக இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். மேளச் சத்தம் கடந்து போகிற வரை எனக்கு நேரம் இருந்தது. அது கடந்து போன பிறகு, "பரவாயில்லம்மா" என்றேன்.