மரகதம் அக்கா சொன்ன படங்கள்

மரகதம் அக்கா நேற்று சாயந்திரம் இறந்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்...

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பால் சொசைட்டியில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் பாலை அளப்பார். நான் பக்கத்து மேசையில் டெஸ்ட் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டுக் கொடுப்பேன்.

ஓடாத நல்ல படங்களைப் பற்றி நான் இங்கே எழுதுகிற பதிவுகளை நீங்கள் படிக்கிறீர்கள், ஷேர் செய்கிறீர்கள். "எப்படி மேடம் இவ்வளவு ரசிச்சுப் பார்க்கறீங்க?" என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள்.

எங்கள் ஊரில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அங்கே சினிமா என்றால் மரகதம் அக்காதான்.

பொறாமையா என்றால்... ஆமாம். நிறைய.

காலையில் பால் அளந்துகொண்டே முந்தின நாள் பார்த்த படத்தைச் சொல்லுவார். பால் ஊற்றிச் சீட்டு வாங்கியவர்களும் போகமாட்டார்கள். காலி கேனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள்.

ஹிட் படங்களை அவர் தொடவே மாட்டார். "ஓடுன படத்துக்கு ஊரே பேசுது. நான் வேற எதுக்குப் பேசோணும்? ஓடாததுக்குத்தான் அம்முணி ஆளு வேணும்" என்பார்.

இதைத்தானே நானும் இங்கே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஒருமுறை ஒரு படத்தை என் வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து சொன்னேன். அந்த லைட்டிங், அந்த மௌனம், எல்லாம். பாதியில் தூங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து, நான் லீவு போட்ட அன்று, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஓடி வந்தார். "ஏ சுதா, மரகதக்கா ஒரு படஞ் சொன்னாங்க பாரு... அடேங்கப்பா!"

அதே படம். நான் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் அவரிடம் கேட்டேன்.

அப்புறம் அந்த ரைஸ் மில் படம். அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு மில், அதை யார் நடத்துவது என்று சண்டை. தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் தங்கை பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். திரும்பியே பார்க்கமாட்டாள். தமிழில் இப்படி ஒரு கிளைமாக்ஸ் எனக்குத் தெரிந்து வந்ததில்லை.

எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் அதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் நன்றாகத் தயார் செய்துகொண்டு போய்ப் பேசினேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடித்ததும் செகரட்டரி, "மரகதம் சேச்சியும் ரெண்டு வாக்கு பறயட்டே" என்றார், அக்காவும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று.

மரகதம் அக்கா எழுந்து அந்தக் கிளைமாக்ஸை மட்டும் சொன்னார். பஸ் படியில் கால் வைத்த தங்கை திரும்புகிறாள். மில் வாசலில் நிற்கிற அக்காவிடம், "அடுப்புல பால் வெச்சிருக்கறேன், பொங்கிரப் போகுது, பாத்துக்க" என்கிறாள். பஸ் போய்விடுகிறது.

வாயனசாலையே அழுதது. செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரச்சினை என்னவென்றால், படத்தில் அப்படி ஒரு சீனே இல்லை!

அடுத்த வாரம் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். நல்ல கூட்டம். தங்கை பஸ் ஏறினாள், போனாள், படம் முடிந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க, அந்தப் பாலு எங்கீங்க?"

நம்ம ஊருக்கு மட்டும் அந்த சீனை வெட்டி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரே சத்தம். நான் எழுந்து, அவள் திரும்பாததுதான் படத்தின் அழகு என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

திரும்பி வரும்போது வழியெல்லாம் மரகதம் அக்காவோடு சண்டை. "அவ திரும்பவே இல்லைங்கக்கா. நீங்களா எப்படிச் சேர்த்துச் சொல்லலாம்?"

"நீ சொல்றதுதான் சரி அம்முணி. படம் அப்படித்தான் இருக்குது" என்றார் அமைதியாக. "ஆனா ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப் போவா? கூடப் பொறந்தவ இல்ல?"

அன்றைக்கு வந்த கோபம் வேறு... எனக்கு ஏன் இந்த வசனம் தோன்றவில்லை என்பதுதான்.

இன்று காலையும் சொசைட்டியைத் திறந்தோம். வேறு வழியில்லை. யார் போனாலும் பால் கறந்துதானே ஆக வேண்டும். அளக்கிற இடத்தில் நான் நின்றேன்.

சீட்டு வாங்கியவர்களும் போகாமல் நின்றார்கள். கடைசியாக வந்த சரசக்காதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கண்ணு... நேத்துக் காலைல மரகதம் ஒரு படஞ் சொல்லிட்டிருந்தா. அண்ணந் தம்பி கெணறு வெட்டற படம். அண்ணங்காரன் உள்ள இருக்கறப்போ கயிறு அறுந்துருச்சு, மீதி நாளைக்குன்னு சொல்லிப்போட்டா. அவன் மேல வந்தானா?"

நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன மாதம் இங்கே நான் அவ்வளவு நீளமாக எழுதிய அதே படம். எனக்கு அது மனப்பாடம்.

"வரலைங்கக்கா. செத்துப்போயிருவான். தம்பி மேல நின்னு கூப்பிட்டுட்டே இருப்பான். அதோட படம் முடிஞ்சுருது" என்றேன்.

சரசக்கா கேன் மூடியை அழுத்தி மூடினார்.

"அவ சொல்லியிருந்தா பொழச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் அக்காவை எடுத்தாகிவிட்டது.

போயிட்டு வாங்கக்கா...