சூசையின் கல்லறைக்குப் போகும் ஆட்டோ

இரண்டாம் உலகப் போர் நம்மூர்களை என்ன செய்தது என்று படித்துப் படித்தே கண் பூத்துவிட்டது. பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் பண்ணையார் முன்னால் துண்டை இறக்க மறுத்தார்கள். எல்லாம் சரி, ஒரு வீட்டுக்குள் அது எப்படி நுழைந்தது? கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில், போரிலிருந்து திரும்பாதவர்களுக்கு உடல் இல்லாமலே கல்லறை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 5.40க்குப் பேருந்து. தேனி 76 கி.மீ., 68 ரூபாய், 7.35க்கு இறங்கினேன். தோசை சாப்பிட நினைத்து, கடைக் கூட்டத்தைப் பார்த்துக் கைவிட்டேன். (நல்லதாகப் போயிற்று.) அங்கிருந்து உத்தமபாளையத்துக்கு ஒரு மணி நேரம், 32 ரூபாய்.

கிராமம் இன்னும் ஐந்து கி.மீ. உள்ளே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டேன்.

“இன்னைக்கு வெளியூர் ஆளுகளுக்கு வாடகை இல்லண்ணே. ஏறுங்க.”

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். இருந்தும் ஏறினேன். பெயர் சவரிமுத்து என்றார். மழை மூட்டம், திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே காலையிலேயே இருட்டு. சாலையில் ஒரு ஆள் இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசல் வந்தது, வண்டி நிற்காமல் தாண்டிப் போனது.

“அங்கேதானே போகணும்?”

“மொத வீட்டுக்குப் போயிரலாம்ணே.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருக்கோடி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றார். என்னைப் பார்த்ததும், “வந்துட்டீகளா? உள்ள வாங்க” என்றார். உள்ளே ஒரே ஓர் இலை, அதில் ஆவி பறக்கும் சோறு. நான் வருவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்: “எங்கப்பாதான். ஞானப்பிரகாசம். புத்தி தெளிவாத்தான் இருக்கு, நீங்க வேற ஆளுன்னு அவருக்குத் தெரியும். தயவுசெஞ்சு சாப்பிட்டுருங்கண்ணே. முந்தின வருசம் வந்தவரு ‘நான் அவர் இல்லை’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்பா ரெண்டு நாள் பட்டினி.”

சாப்பிட்டேன். பெரியவர் எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

“எனக்கு ஆறு வயசு. எங்கப்பா சூசை செத்துட்டாகன்னு பட்டாளத்துலருந்து கடுதாசி வந்துச்சு. சட்டையப் பெட்டியில வச்சுப் பொதைச்சாச்சு. ரேஷன்ல பேர அடிச்சாச்சு. ஆத்தாளுக்கு வேற கல்யாணமும் முடிஞ்சிருச்சு. அப்பொறம் ஒருநா தெருமுக்குல தாடியோட ஒரு ஆள், தோள்ல பை. சூசை வீடு எதுன்னு கேட்டாக. எங்கப்பா செத்துப் போனாக, கல்லறை அங்கன இருக்குன்னு நான்தான் கைய நீட்டுனேன்.”

“அப்புறம்?”

“போனாக. சாயங்காலம் போய்ப் பார்த்தா, அந்தச் சிலுவையில ஒரு ஜெபமாலை தொங்குது. எங்கப்பா ஊரைவிட்டுப் போகையில அவுக கழுத்துல ஆத்தா போட்டுவிட்டது. ஆத்தா பாத்துட்டு வாயத் தொறக்கல.”

புத்தகங்களில் பார்க்காத போர் எதிரே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தது.

கல்லறைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ‘சூசை, போரில் மரித்தார்.’ இந்தக் கல்லறைக்கு எங்களுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை என்றார் காவலாளி. ஆனால் அங்கே ஒரு மெழுகுதிரி பாதி கரைந்து எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றியது என்று சவரிமுத்துவைக் கேட்டேன். தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

“நீங்களே அணைச்சிருங்க,” என்றார் பெரியவர். “உசுரோட வந்தவுகளுக்கு எதுக்குத் திரி?”

ஊதினேன். புகை கலைந்தது. “நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். ஒடனே போகாம இருந்தாப் போதும்.”

மதியம் 1.15 பேருந்துக்குத் திட்டமிட்டிருந்தேன். கிளம்பியது 5.30க்கு.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் குடை வேண்டும். போகவர 250 ரூபாய் போதும். கல்லறைத் திருநாளன்று உத்தமபாளையத்தில் ஓர் ஆட்டோக்காரர் வாடகை வேண்டாம் என்றால் பேசாமல் ஏறுங்கள். வெறும் வயிற்றோடு போங்கள். வாசலில் நிற்கும் பெரியவர் உள்ளே வாங்க என்றதும், நான் அவர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.