அண்டா யானை

தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். முழங்காலில் நின்று, பக்கத்து வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்தேன், மருமகளை மனசுக்குள் வைதேன், வெள்ளிக்கிழமை என்பதை மறந்து கறிக்குழம்பு சாப்பிட்டேன் என்று பங்குச்சாமியிடம் சொல்லுவேன். அவரும் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். ஏழு வருஷமாக இப்படித்தான். சொல்ல வேண்டியதைத் தொண்டை வரைக்கும் கொண்டு வந்து, மறுபடி விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி கதிர் முற்றுகிற மாசத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். ஒரே ராத்திரியில் தின்றது பாதி, மிதித்தது பாதி என்று நிலம் பாயாகிவிடும். மறுநாள் சேதம் எழுத வனத்துறை ஆபீசிலிருந்து ஆள் வருவார். எழுதினால் நஷ்டஈடு உண்டு.

என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு தடவை அப்படி யானை வந்தது. எழுத வந்தவர் தாராளமாக முக்கால் ஏக்கர் என்று எழுதினார். இவர் கயிறு கொண்டு வந்து நிலத்தை அளந்து காட்டினார்.

"கால் ஏக்கர்தான் சார் யானை தின்னுது. மீதி நாங்க போன வாரமே அறுத்துட்டோம்."

"ஏம்ப்பா, யானை வந்து நான் தின்னலன்னு சாட்சி சொல்லப் போவுதா?"

"அது சொல்லாது சார். அதுக்காவ அது தின்னாததையும் அது தலையில எழுதலாமா?"

அந்த ஆள் சிரித்துவிட்டுக் கால் ஏக்கர் என்று திருத்தினார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. இவரே களி கிண்டினார். ஒரே கட்டி. பிள்ளைகள் இரண்டும் யார் உருண்டையில் அதிகக் கட்டி என்று எண்ணிப் பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிடுவேனோ என்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் போன பிறகு அந்தக் கட்டிக் களியை நினைத்து எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

அவர் இறந்து இரண்டாவது வருஷம் மழை ஏமாற்றியது. கதிர் எல்லாம் பதர். அதே சமயம் ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்த மகனை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. ஊருக்கு வந்தவன், காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்று சொன்னான்.

"மழை பெய்யலன்னா ஒருத்தனும் குடுக்க மாட்டான்மா. யானை வந்தா குடுப்பான்."

"யானை வரலியேடா."

"வர வெக்கலாம்."

யோசனை அவனுடையது. ஆனால் கை என்னுடையது. விடிந்தும் விடியாததுமாகப் போய்ப் பயிரை மிதித்துச் சாய்த்தோம். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் மண்ணைச் சேறாக்கினோம். வீட்டிலிருந்த பெரிய அண்டாவின் அடிப்பக்கத்தை அதில் அழுத்தி, யானைக் கால் தடம் வைத்தான் மகன். மனுஷன் நடக்கிற மாதிரி இடம் வலமாக அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு போனான்.

"அப்பிடி இல்லடா. யானை முன்காலு வெச்ச எடத்துலயே பின்காலும் வெக்கும். ஒத்தையடிப் பாதையில போற மாதிரி போவும்," என்று நான்தான் திருத்தினேன். கொட்டாங்குச்சி விளிம்பால் ஒவ்வொரு தடத்துக்கும் நகம் வைத்ததும் நான்தான். கிறிஸ்துமஸுக்குக் கலகலா பலகாரம் வெட்டுகிற கவனத்தோடு செய்தேன். வேலை சுத்தமாக வந்ததில் எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

எழுத வந்தவர் நிலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஊரே காஞ்சு கெடக்குது. ஒங்க நிலத்துல மட்டும் சேறு. யானை வர்றப்ப தண்ணிக் கொடமும் எடுத்துக்கினு வந்துச்சாம்மா?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் அவசரத்தில் இது தோன்றவே இல்லை. அவர் என் மகன் தோளில் கை போட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "இத்தினி கஷ்டம் எதுக்குப்பா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன்ல" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. பணம் வந்தது. அவருக்கு ஒரு பங்கு போனது.

அவர் அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் அண்டாவால் யானை செய்தார்கள் என்று ஆபீசிலும் டீக்கடையிலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். எந்த ஊர் என்று சொன்னவர் எந்த வீடு என்று சொல்லவில்லை. பங்கு வாங்கியவர் எப்படிச் சொல்வார்?

அடுத்த வருஷம் நல்ல மழை. என் ஓரகத்தி நிலத்தில் ராகி இடுப்பளவு நின்றது. அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி, அவளும் என்னைப் போல விதவை. எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். யானை நிஜமாகவே வந்தது. என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அவள் நிலத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போனது.

இந்த முறை எழுத வந்தவர் புதியவர். பத்துப் பைசா வாங்காத மனுஷன் என்று பேர். குனிந்து தடத்தைப் பார்த்தார். தண்ணீர் பாய்ச்சிய நிலம், சேறாகத்தான் இருந்தது.

"இந்த ஊரு அண்டா யானையப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கேன். என்கிட்ட இந்த வேலையெல்லாம் ஆவாது."

"சத்தியமா யானை சார். சாணி கூட கெடக்குது பாருங்க."

"சாணி காட்டுலருந்து ஒரு கூடை அள்ளிக்கினு வந்தா ஆச்சு."

ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீயாவது சொல்லேன்க்கா."

ஒரு வார்த்தை போதும். இவளுடையது நிஜம், பொய் எங்களுடையது. எனக்கு வாய் வரவில்லை. மகன் மேல் கேஸ் வருமோ என்று ஒரு பயம், ஊர் சிரிக்குமே என்று ஒரு பயம். தலையைக் குனிந்துகொண்டேன். நான் யார் முன்னாலும் பேசாதவள் என்று ஊருக்கே தெரியும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் எழுதாமலே போய்விட்டார். காசு வாங்கியவர் எங்கள் பொய்க்கு எழுதிக் கொடுத்தார். காசு வாங்காத மனுஷனை அவள் நிஜத்துக்கு எழுதவிடாமல் செய்தது நாங்கள்.

அந்த விளைச்சலை நம்பி அவள் கடன் வாங்கியிருந்தாள். இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் ரோஜா வளர்க்கிற ஒரு பண்ணைக்காரருக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தவக்காலத்தில் பங்குக்கு வந்திருக்கும் சாமி சின்ன வயசுக்காரர். எப்படியோ அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எந்த ஜெபமும் சொல்லச் சொல்லவில்லை. "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்ட எப்பம்மா சொல்லப் போறீங்க?" என்றார்.

மறுநாள் காலையில் ரோட்டுமேல் போனேன். அவள் சாப்பாட்டு டப்பாவோடு வேனுக்காக நின்றிருந்தாள். ரோஜா முள் கிழித்த கையில் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். நான் அண்டாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆளு அண்டா யானைன்னு சொன்னப்ப நீ என் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?"

"ஆமா."

"நீ பேச வெக்கப்படறன்னு நெனச்சேன்."

மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இப்ப வந்து சொல்ற. இத வெச்சுக்கினு நான் என்னாக்கா பண்றது?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். வேன் வந்து ஆரன் அடித்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. வேன் அதிக தூரம் போகவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம், வெள்ளை பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணை வாசலில் நின்றது. மற்றப் பெண்களோடு அவளும் இறங்கி, வாட்ச்மேன் நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் நிலத்துக்குள் கூலிக்குப் போனாள்.