அரை ஆளுக்கு ஒரு கூறு

ஏழாம் வகுப்புக்கு ஆள் கணக்கு நடத்தும்போது தவறாமல் ஒன்று சொல்வேன். ஒரு வரப்பை வெட்ட எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டு, விடை ஆறரை ஆள் என்று வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் பாருங்கள், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்பேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்த அரை ஆளு மத்தியானத்துக்கு மேல லீவு போட்டிருப்பாரு சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உலகத்தில் அரை ஆள் என்று எவரும் கிடையாது என்று உறுதியாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தால், பஸ் நிறுத்தத்திலேயே ஓர் அரை ஆள் உட்கார்ந்து கீரை விற்றுக்கொண்டிருப்பார்.

பரவை மார்க்கெட்டைத் தாண்டி மேற்கே வயலுக்குள் இறங்கினால் எங்கள் ஊர். ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளி வீடுகள் சேர்ந்து வாழ்கிறோம். மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் கோயிலில் கிடா வெட்டி, கறியைச் சமமாகக் கூறு போட்டுத் தலைக்கட்டுக்கு ஒரு கூறு எடுத்துக்கொள்வோம். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கல்யாணம் ஆகாதவன் நரைத்துப் போனாலும் பூஜ்யம். புருஷனை இழந்தவள் அரை. இரண்டு அரைகளைச் சேர்த்து ஒரே கூறாகப் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு பெண்களும் பாதையோரம் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எலும்பு யாருக்கு என்று அவர்கள் வருஷாவருஷம் போடும் சண்டை ஊருக்குத் தனித் திருவிழா.

நான் கல்லூரி வாசல் மிதித்துக் கணக்குப் படித்தவன் இல்லை. மில் வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படித்தேன். மற்றதெல்லாம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஆட்கள் பேசுவதைக் கேட்டுத் தேறியது. ஆனாலும் வாத்தியார் என்று ஆகிவிட்டதால், எத்தனை கூறு போட வேண்டும் என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சுலபமான வேலைதான். என் மதினிக்குத் தாலி இறங்கும் வரைக்கும் சுலபம்.

மதினி என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. அண்ணன் ஒருநாள் காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து வேலைக்குப் போகிறவரைக்கும் வரவில்லை. மதினி தையல் மிஷினை மிதித்தே அவளை ஆளாக்கினாள். அத்தனை வருஷமும் அண்ணன் பேருக்கு முழுக் கூறு விழுந்துகொண்டே இருந்தது. எங்கேயோ உயிரோடு இருக்கிறார் அல்லவா, அதனால் முழுத் தலைக்கட்டு. போன வருஷம் வடக்கே ஏதோ ஊரில் அவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. காரியம் முடிந்தது. அன்றைக்கே மதினி பாதியாகிவிட்டாள்.

கறியோடு போயிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். கூறு யார் பேருக்கு விழுகிறதோ அவர்தான் அந்த வீட்டு நிச்சயதார்த்தத்தில் சபைக்கு நடுவில் நின்று தாம்பூலத் தட்டைக் கொடுக்கலாம். புருஷன் ஓடிப்போன வீட்டில் அவருக்காக அவர் மனைவி கொடுக்கலாம். அரைக்கு அந்த உரிமை இல்லை. நெருங்கிய பங்காளி கொடுப்பார். மதினியின் மகளுக்குப் பங்குனியில் நிச்சயம் வைத்திருந்தார்கள். நெருங்கிய பங்காளி என்றால் இறந்தவரின் உடன்பிறந்த தம்பி, வண்டியூர்க்காரர். தெப்பக்குளம் பக்கம் கடை வைத்து அங்கேயே இரண்டாவதாக ஒரு குடும்பமும் வைத்திருப்பவர். அண்ணன் மகளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தவர் இல்லை.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் மதினி என்னை வீட்டு வாசலிலேயே மறித்தாள்.

"கொழுந்தனாரே, நீங்க கணக்கு வாத்தியாரு. ஒண்ணு சொல்லுங்க. அவரு ஓடிப்போயி இருந்தப்ப இந்த வீட்டுல எத்தன பேரு இருந்தோம்?"

"நீங்களும் பாப்பாவும்."

"இப்ப?"

"நீங்களும் பாப்பாவும்."

"பெறகு எதக் கழிச்சு என்னய அரையாக்குனீங்க? தட்ட நான்தான் குடுப்பேன். போயி உங்க பெரியாளுககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் வகையறாவுக்கே மூத்தவரான பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ சொல்றது ஞாயந்தேன். ஆனா ஞாயத்த வச்சுக் கூறு போட முடியாதுப்பா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. நீ கணக்க மட்டும் சொல்லு."

கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய அரைகள் இரண்டும் சேர்ந்து ஒன்று. மதினி தனியாக ஓர் அரை. எல்லாக் கூறும் ஒரே அளவாக இருந்தால்தான் குலுக்கல் மாதிரிக் கூப்பிட முடியும். அரைக் கூறு போட்டால் குருட்டுக் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அப்போதுதான் வண்டியூர்க்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ரெண்டு அடுப்பு எரியுது. ஒரு கூறு எம்புட்டு வீட்டுக்குக் காணும்? அந்த மிச்ச அரைய எனக்குப் போடுங்க. கணக்கும் முழுசாப் போகும்."

கூட்டம் யோசித்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார். "முழுசாப் போகுதா வாத்தியாரே?"

முழுசாகத்தான் போனது. மீதி பூஜ்யம். புருஷன் இல்லாத பெண் அரை, இரண்டு பெண்டாட்டிக்காரர் ஒன்றரை. கூட்டினால் இரண்டு. வாய்ப்பாட்டில் குற்றமே இல்லை. நான் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்க்கச் சொன்னேன். பெரியப்பா, "முதல் வரிய நம்ம பாட்டன்மாரு எழுதிட்டுப் போயிட்டாங்கப்பா" என்று எழுந்துவிட்டார்.

கிடா வெட்டு அன்று வெயில் காலையிலேயே முறைத்தது. நீலத் தார்ப்பாய் விரித்து, மேலே வாழையிலை போட்டுக் கூறுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஈரலில் இருந்து குடல் வரைக்கும் எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்க வேண்டும். தராசு கிடையாது, கை நிதானம்தான்.

கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. பெரியப்பாவின் மருமகன் திருப்பரங்குன்றத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். வேறு குலம் என்பதால் அவருக்கு இதில் பங்கு கிடையாது. அவர் கறிக்கு முதுகைக் காட்டி, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பூசாரி ஒரு குச்சியால் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். மாப்பிள்ளை மனதில் வந்த ஒரு தலைக்கட்டின் பேரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். முதுகு சொன்னது சாமி சொன்னது. கடைசிக் கூறுக்கும் ஆள் வந்து நின்ற பிறகு எல்லாரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு துண்டு நகராது.

எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிக் கூறு வந்தது. மதினிக்குப் பாதி, வண்டியூர்க்காரருக்குப் பாதி என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டும். காலையில் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருந்தோம்.

"இது யாருக்கு?"

மாப்பிள்ளை பழக்கதோஷத்தில், வருஷாவருஷம் சொல்கிற மாதிரி, கணீரென்று இறந்துபோன அண்ணன் பேரைச் சொல்லிவிட்டார்.

பூசாரி குச்சியைக் கூறிலிருந்து வெடுக்கென்று எடுத்தார்.

"ஏய் மாப்ள! என் அரை எங்கடா?" என்று வண்டியூர்க்காரர் பாய்ந்தார்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாமா, வாய் தவறிருச்சு. மாத்திச் சொல்லிரவா?"

"மாத்துறதா?" பெரியப்பா அலறினார். "சாமி வாக்கு மாப்ள! உங்க கடையில சிம் மாத்துற மாதிரி நெனச்சீங்களா?"

"அப்ப இது செத்தவனுக்கா?" என்றார் வண்டியூர்க்காரர்.

"செத்தவனுக்குத்தான். முழுசு."

பெண்கள் பக்கம் நின்றிருந்த மதினி எவர்சில்வர் சட்டியோடு தார்ப்பாய்க்கு வந்தாள். சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"சரி. அவருக்குத்தான விழுந்திருக்கு? அவரையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன். எனக்குக் காத்திருந்து பழக்கந்தேன்."

"ஏம்மா, நீ எடுத்துக்கம்மா. யாரு வேணாங்கிறா?"

"அரை ஆளு முழுக் கூற எப்படி மாமா தூக்குறது? கை காணாதுல்ல."

வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. கோயில் நாய்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வந்து சுற்றிலும் உட்கார்ந்து, எங்களைவிட ஒழுங்காகக் கூட்டத்தைக் கவனித்தன. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் போன் அடிக்க ஆரம்பித்தது. பெரியப்பாவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியம்மாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது: "மசாலா அரைச்சு வச்சு எம்புட்டு நேரம்! அங்க என்னத்தத்தான் கிழிக்கிறீங்க எல்லாரும்?"

வண்டியூர்க்காரர் கூறைத் தொடக் குனிந்தார். பூசாரி குச்சியை நீட்டி, "அண்ணே, செத்தவரு பங்கு. தொட்டா வீட்டுக்கே தேடி வருவாரு" என்றார்.

"இருக்கப்பவே வீட்டுக்கு வராத ஆளு, செத்தா வரப்போறாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார். இரண்டு வீட்டில் எந்த வீட்டுக்கு வருவார் என்ற குழப்பமாகவும் இருக்கலாம்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். கண்ணில் கறி ஏக்கம். "ஏதாச்சும் சொல்லுப்பா வாத்தியாரே. படிச்சவன்தான நீ?"

எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் ஞாபகம்தான் வந்தது. ஒரு பிள்ளை முதல் வரியை எழுதிவிட்டு நின்றுபோனால், அந்த வரியை யாரும் அடிப்பதில்லை. அடுத்த வரி எழுதினால் கணக்கு முடிந்துவிடும்.

"பெரியப்பா, சொன்னத மாத்தக் கூடாது. சரி. மேக்கொண்டு சொல்லக் கூடாதுன்னு வழக்கம் இருக்கா?"

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சாமியைப் பார்த்தார். சாமி அரிவாளோடு சும்மா நின்றது.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றார் பெரியப்பா மெதுவாக.

"அப்ப மாப்ள திரும்பி நிக்கட்டும். அண்ணன் பேரு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி மதினி பேரையும் சேத்துச் சொல்லட்டும். முழுசா."

எல்லாரும் மதினியைப் பார்த்தோம். அவள் சட்டி மேல் இருந்தபடியே யோசித்தாள்.

"அவரு பேரு முன்னாடி வரட்டும், பரவாயில்ல. எங்கயும் முன்னாடி கிளம்பிப் போற ஆளுதான் அவரு. ஆனா பின்னாடி வர்றது என் பேரா இருக்கணும். இன்னார் பொண்டாட்டின்னு சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை மறுபடி வேப்பமரத்தைப் பார்த்து நின்றார். பூசாரி குச்சியை வைத்தார். "இது யாருக்கு?"

அண்ணன் பேர் வந்தது. பிறகு மாப்பிள்ளை நின்றுவிட்டார். கழுத்தைத் திருப்பாமலே, "அக்கா, மன்னிச்சுக்கங்க... உங்க பேரு என்ன?" என்றார்.

நான் உதவிக்கு வாயைத் திறந்தேன். எனக்கும் தெரியவில்லை. மதினி, பாப்பா அம்மா, தையக்காரம்மா, இவ்வளவுதான் தெரியும். பெரியப்பா மேலே பார்த்தார். கடைசியில் அவளே தன் பேரைச் சொன்னாள். மாப்பிள்ளை அதைக் கோயில் மணி மாதிரி உரக்கச் சொன்னார்.

"யார்ரா அது?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து காது மந்தமான ஒருவர் கேட்டார்.

"நான்தேன்" என்று மதினி எழுந்து, கூறைச் சட்டியில் அள்ளிக்கொண்டாள். அந்த நொடியில் எங்கள் வகையறா முழுவதும் தார்ப்பாயில் விழுந்த வேகத்தைப் பார்த்து நாய்களே விலகி நின்றன.

பங்குனியில் நிச்சயம் நடந்தது. தட்டைத் தூக்கிக் கொடுக்கும் நேரம் வண்டியூர்க்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பெரியப்பாதான் தடுத்தார். "நீ எங்கடா வார? கூறு விழுந்த ஆளு எங்க?" மதினி சபைக்கு நடுவில் வந்து நின்றாள். தட்டை நீட்டினாள். சம்பந்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பந்தியில் பெரியப்பா என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் பழைய அரைகள் இரண்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுக ரெண்டும் காலையிலயே என் வீட்டுக்கு வந்துருச்சுகப்பா. அடுத்த வருஷம் ஆளுக்கொரு கூறாம்."

"கொடுத்துருவோம் பெரியப்பா."

"கிடா அதே கிடாதான? கூறு சின்னதாப் போயிருமே."

"ஆமா. சின்னதாகும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். ஒரே மாதிரி."

"வண்டியூர்க்காரனுக்கும்?"

"அவருக்கும்."

அவர் அப்பளத்தை நொறுக்கி இலையில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்பச் சரி" என்று சொல்லி, ரசம் ஊற்றுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.